இலேசான ரைஃபிள், கனமான உதை

நியூசிலாந்தின் தெற்கு ஆல்ப்ஸில் தார் ஆடு வேட்டைக்குப் போகிறவனுக்கு முதல் எதிரி முதுகுச் சுமை. (1904-ல் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து விட்ட இமயமலை ஆடு, நம் வரையாட்டுக்குத் தூரத்து உறவு. இங்கே பெருகித் தொல்லையாகிவிட்டது.) அதனால் கார்பன் ஃபைபரில் தோள்கட்டை, மெல்லிய குழல் என்று பார்த்துப் பார்த்து 2.7 கிலோவில் ஒரு ரைஃபிள் சேர்த்தேன். தோட்டா மட்டும் 300 வின்செஸ்டர் மேக்னம், மருந்து அதிகமுள்ள பெரிய ரகம். ஆசைதான், வேறென்ன!

இரண்டாவது குண்டிலேயே ரைஃபிள் பின்னோக்கி உதைத்து, ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) விளிம்பு புருவத்தைப் பிறை மாதிரி கிழித்தது. அப்புறம் குறியே நிற்கவில்லை. ஸ்கோப்பை மாற்றினேன், திருகுகளை இறுக்கினேன், பலனில்லை. ஒரு நாள் நண்பர் எனக்குத் தெரியாமல் போலித் தோட்டா ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். விசையை இழுத்தேன், வெடிக்கவில்லை, ஆனால் குழல்முனை ‘டக்’கென்று கீழே குனிந்தது. உதைக்குப் பயந்து நானே குழலைக் கீழே இழுத்திருக்கிறேன்!

குழலை மட்டும் மாற்றலாமென்றால், மேக்னம் தோட்டாவின் அடிப்பாகம் பெரிது. தோட்டாவின் அடியைப் பிடிக்கும் போல்ட் முகமும் சிறிய தோட்டாவுக்குப் பொருந்தாது. சரி என்று விற்றுவிட்டு, அதே எடையில், 7 எம்எம்-08 ரெமிங்டன் என்ற சிறிய தோட்டாவுக்கான ரைஃபிள் வாங்கினேன். வெடிமருந்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். உதை பாதிக்குப் பக்கம். 140 கிரெய்ன் (சுமார் 9 கிராம்) குண்டு 250 மீட்டரில் தாருக்குத் தாராளம். மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகிறது; மூன்று குண்டுக்கு ஒருமுறை ஆறவிடுகிறேன். புருவத் தழும்பு மட்டும் அப்படியே இருக்கிறது.