பால் கொடுக்கும் காலத்தில் அடுத்த கரு: கணக்கு வைத்துக்கொள்வது எப்படி

என் மகனுக்கும் மகளுக்கும் 17 மாதம்தான் வித்தியாசம். இருவரையும் ஒன்றாகப் பார்ப்பவர்கள் "இரட்டையா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு அப்போது எனக்குப் பதில் தெரியாது. இப்போது தெரியும்.

மகனுக்கு எட்டு மாதம் முடிகிற சமயத்தில் மகள் வயிற்றில் தங்கினாள். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு முறைகூட மாதவிடாய் வரவில்லை. காலையில் குமட்டியபோது தூக்கமில்லாததால் வந்த பித்தம் என்றுதான் நினைத்தேன். பத்தாவது மாதம் ஒரு நாள் சும்மா பார்த்துவிடலாம் என்று சோதனைப் பட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு கோடு. "பால் கொடுக்கிறவளுக்கு எங்கே தங்கப்போகிறது" என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். அது பொய்யில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதியை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறாவது வாரப் பரிசோதனையில் தையல் ஆறிவிட்டதா, பால் வருகிறதா என்று பார்த்தார்கள். அதோடு அனுப்பிவிட்டார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கருவைத் தடுப்பது பால் அல்ல, குழந்தை சப்புவது. குழந்தை காம்பைச் சப்பும்போது நரம்பு வழியாக மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதிக்குச் செய்தி போகிறது. சினைப்பையை வேலை செய்யச் சொல்லி அங்கிருந்து சீரான இடைவெளியில் போக வேண்டிய ஹார்மோன் துடிப்பு அதனால் தடுமாறுகிறது. துடிப்பு சீராக இல்லையென்றால் முட்டை முதிராது, வெளியே வராது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினும் அந்த நாட்களில் உயர்ந்தே இருக்கிறது. ஆனால் இந்தத் தடை நீடிக்க வேண்டுமானால் குழந்தை அடிக்கடி சப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இடைவெளி நீண்டால் உடம்பு பழைய தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனப் பகுதியில் வாழும் குங் மக்களிடையே 1970களில் ஆராய்ந்தவர்கள், அங்கே தாய்மார் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பல முறை, ஓரிரு நிமிடம் என்று பால் கொடுத்துக்கொண்டே இருந்ததைக் கண்டார்கள். அவர்களுக்குக் கருத்தடை என்று எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு நடுவே ஏறக்குறைய நான்கு வருட இடைவெளி இருந்தது. நானோ அலுவலகத்தில் உட்கார்ந்து பம்ப் வைத்துப் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். பம்ப் பாலை எடுக்கும், ஆனால் குழந்தை சப்பும் அளவுக்கு மூளைக்குச் செய்தி அனுப்பாது. பால் குறையவில்லையே, அப்புறம் எப்படி என்று நான் குழம்பியது இதனால்தான்.

இதை வெறும் நம்பிக்கையாக விடாமல் ஒரு முறையாகவே வகுத்து வைத்திருக்கிறார்கள். 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோ நகரில் நிபுணர்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அதிலிருந்து உருவான முறைக்கு ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'லாம்' என்று பெயர். மூன்று நிபந்தனை: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது. மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும், அல்லது கிட்டத்தட்ட அது மட்டும்தான் போக வேண்டும். மூன்றும் சேர்ந்து இருக்கிறவரை, முறைப்படி கடைப்பிடித்தால், கருத்தரிக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. ஒன்று போனாலும் கணக்கு போய்விட்டது.

என் கதையைப் பாருங்கள். ஐந்தாவது மாதம் வேலைக்குத் திரும்பினேன், பகலில் புட்டி. ஆறாவது மாதம் திட உணவு ஆரம்பித்தோம். அதே மாதம் மகன் இரவு முழுக்கத் தூங்க ஆரம்பித்தான். அதை வீட்டில் எப்படிக் கொண்டாடினோம் தெரியுமா! மாதவிடாய் வராதது ஒன்றைத் தவிர எதுவுமே மிச்சமில்லை. அந்த ஒன்றை நம்பி இரண்டு மாதம் இருந்தேன்.

மாதவிடாயை நம்புவதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். முட்டை முதலில் வருகிறது, அது கருவாகாவிட்டால் இரண்டு வாரம் போல கழித்துத்தான் உதிரம் வருகிறது. முதல் முட்டையே கருவாகிவிட்டால் உதிரம் வரவே வராது. முதல் ஆறு மாதத்தில் முழுமையாகப் பால் கொடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் முதல் உதிரம் முட்டை இல்லாமலே வந்து எச்சரித்துவிடும். மாதம் கூடக் கூட, முதல் உதிரத்துக்கு முன்னாலேயே முட்டை வந்துவிடும் வாய்ப்பு ஏறுகிறது. ஆறு மாதம் என்று எல்லை வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இணை உணவு தொடங்கிச் சப்புவது குறையும் காலமும் அதுவேதான்.

மகள் பிறந்ததும் ஒரு சின்ன நோட்டு வாங்கி, பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொட்டில் கம்பியில் தொங்கவிட்டேன். செயலிகள் இருக்கின்றன, தெரியும். நள்ளிரவில் கைபேசி வெளிச்சம் முகத்தில் அடித்தால் குழந்தைக்கு முன்னால் எனக்குத் தூக்கம் போய்விடும். நோட்டில் நேரம் மட்டும் எழுதினேன். எத்தனை நிமிடம், எந்தப் பக்கம் என்றெல்லாம் எழுதப் போனால் மூன்றாம் நாளே விட்டுவிடுவோம். காலையில் இரண்டு விஷயம் மட்டும் பார்ப்பேன்: மொத்தம் எத்தனை தடவை, எது நீண்ட இடைவெளி. ஒன்பதிலிருந்து பதினொரு தடவை வந்தது. நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது எண்ணைத்தான். பகலில் 4 மணி நேரத்துக்கு மேலும், இரவில் 6 மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விழக் கூடாது.

நாலாவது மாதம் ஒரு நாள் அவள் இரவு பத்தரைக்குக் குடித்துவிட்டு விடியற்காலை ஐந்தரைக்குத்தான் எழுந்தாள். ஏழு மணி நேரம். ஒரு இரவு தவறினால் உடனே எல்லாம் குலைந்துவிடாது என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த இரண்டு இரவும் அப்படியே போனதும் நோட்டில் ஒரு கோடு போட்டேன். அன்றிலிருந்து ஆணுறை. அலமாரியில் அதற்கு முன்பே வாங்கி வைத்திருந்தேன். நான் சொல்ல வருவதில் முக்கியமானதே இதுதான்: அடுத்த முறை கையில் தயாராக இருக்கும்போதுதான் லாமை நம்ப வேண்டும். நிபந்தனை உடைந்த அன்று கடைக்குப் போகிற நிலையில் யாரும் இருப்பதில்லை.

தூங்குகிற குழந்தையை எழுப்பிக் கொடுக்கலாமா? கொடுக்கலாம், சிலர் செய்கிறார்கள். நான் செய்யவில்லை. அந்தத் தூக்கம் எனக்குக் கருத்தடையைவிடப் பெரிதாக இருந்தது. ஆணுறை என்று ஒன்று இருக்கிறதே.

"கிட்டத்தட்ட முழுமையாக" என்றால் என்ன என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். வைட்டமின் சொட்டு, மருந்து, எப்போதாவது ஒரு வாய் ஏதாவது கொடுப்பது கணக்கைக் கெடுக்காது. தினமும் ஒரு வேளை புட்டிப்பால் என்றால் கெடுக்கும். ரப்பர் காம்பை (பாசிஃபையர்) வாயில் வைத்துச் சமாதானப்படுத்தும் பழக்கமும் சப்பும் நேரத்தைத் தின்றுவிடும். ஆரம்பத்திலிருந்தே புட்டிப்பால் கொடுப்பவர்களுக்கு லாம் கிடையாது. அவர்களுக்குப் பிரசவமாகி நாலு வாரத்துக்குள்ளேயே முட்டை வரக்கூடும், அதனால் 21ஆம் நாளிலிருந்தே பாதுகாப்பு வேண்டும். வேலைக்குப் போய், பம்ப்பில் எடுத்துக் கொடுக்கும் பெண்கள் இந்த முறையை நம்பினால் கருத்தரிக்கும் வாய்ப்பு 5 சதவீதத்தை ஒட்டி வரும். அது போதுமா போதாதா என்று அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்குப் போதாது.

இனி உதிரம். மகள் பிறந்து நாற்பதாவது நாள் எனக்குத் திடீரென்று சிவப்பாகப் பட்டது. பதறிப்போனேன். இந்த முறை கேட்டேன். முழுமையாகப் பால் கொடுப்பவர்களுக்கு முதல் 56 நாட்களுக்குள், அதாவது எட்டு வாரத்துக்குள் வருவதை மாதவிடாயாகக் கணக்கிடுவதில்லை, பிரசவ உதிரத்தின் வாலாக இருக்கலாம் என்றார் மருத்துவர். அதற்குப் பிறகு தொடர்ந்து இரண்டு நாள் உதிரம் வந்தால், அல்லது "இது மாதவிடாய்தான்" என்று உங்களுக்கே தோன்றினால், லாம் முடிந்தது. மணிக்கு ஒரு நாப்கின் நனைவது, கட்டி கட்டியாகப் போவது, காய்ச்சலோடு துர்நாற்றம் வீசுவது எல்லாம் வேறு விஷயம். நோட்டை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

உடம்பு வேறு சில குறிப்பும் கொடுக்கும். பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருப்பதால் பிறப்புறுப்பு உலர்ந்திருக்கும். உறவின்போது வலித்தால் உங்களிடம் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நீர் சார்ந்த வழுக்கு ஜெல் போதும். எண்ணெய் தடவினால் லேடக்ஸ் ஆணுறை கிழியும். அந்த உலர்வு மாறி, முட்டையின் வெள்ளைக்கரு போல இழுபடும் திரவம் தென்பட்டால் முட்டை வரப்போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். காலையில் உடல் வெப்பம் பார்த்து நாள் குறிப்பது இந்தக் காலத்தில் உதவாது. இரவில் நாலு தடவை எழுந்தவளின் வெப்பநிலை எதையும் உருப்படியாகச் சொல்லாது. காலண்டரில் பாதுகாப்பான நாள் எண்ணுவதும் அப்படித்தான். சுற்றே இல்லாதபோது எதை எண்ணுவது?

லாமுக்குப் பின் என்ன என்பதை ஆறாவது வாரப் பரிசோதனையிலேயே பேசிவிடுங்கள். காப்பர் டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள் வைக்கலாம், தவறினால் நாலு வாரத்துக்குப் பிறகு. ஹார்மோன் இல்லாதது, பாலைத் தொடாது. புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரையும் பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றது, ஆனால் தினமும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி இருக்கிறது. பால் கொடுப்பவர்கள் அதைப் பொதுவாக ஆறு வாரம் கழித்துத் தொடங்குகிறார்கள். அதை நிறுத்திய பிறகு கரு தங்கச் சில மாதங்கள் பிடிக்கும், அடுத்த குழந்தையைச் சீக்கிரம் நினைப்பவர்கள் யோசிக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த வழக்கமான மாத்திரை முதல் ஆறு வாரம் கூடவே கூடாது, ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. பால் கொடுப்பவர்களை ஆறு மாதம் வரை பொதுவாகத் தவிர்க்கச் சொல்வார்கள். பழைய பெட்டி வீட்டில் கிடக்கிறதே என்று எடுத்து விழுங்கிவிடாதீர்கள்.

இதை எதிர்ப்பக்கத்திலிருந்து படிப்பவர்களும் உண்டு. மூத்ததற்கு ஒன்றரை, இரண்டு வயது, இன்னும் பால் குடிக்கிறது, அடுத்தது வேண்டும், மாதவிடாய் வரவில்லை. என் அக்காவுக்கு இப்படித்தான். பாலை ஒரேயடியாக மறக்கடிக்க வேண்டும் என்பதில்லை. இரவுப் பாலை மெல்லக் குறைத்து ஒரு நீண்ட இடைவெளி விழவிட்டாலே பலருக்குச் சுற்று திரும்பிவிடும். அக்கா நள்ளிரவுப் பாலை மட்டும் விட்டாள், ஏழாவது வாரம் மாதவிடாய் வந்தது. ஒரேயடியாக நிறுத்தினால் மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும், குழந்தையும் ஏங்கிப்போகும். முதல் சில சுற்றில் முட்டை வராமலிருக்கலாம். வந்தாலும் கருப்பை தயாராவதற்குள் உதிரம் வந்துவிடலாம். இரண்டு மூன்று மாதத்தில் சரியாகிவிடுவது வழக்கம். பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் நடுவில் 24 மாதமாவது விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அறுவைப் பிரசவமானவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், சீக்கிரம் உண்டாகி அடுத்ததைச் சுகப்பிரசவமாகப் பெற முயன்றால் பழைய தழும்பு கிழியும் ஆபத்து ஏறுகிறது. வயது கூடுதலானவர்கள் அவ்வளவு காத்திருப்பதா என்று மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம்.

சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்த்துவிடுங்கள். தாய்ப்பால் அந்தப் பட்டையின் முடிவை மாற்றாது, அது தேடும் ஹார்மோன் வேறு. பாதுகாப்பில்லாத உறவுக்கு மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் முடிவை நம்பலாம். காரணமில்லாத குமட்டல், காம்பில் புதிதாக ஒரு கூச்சம், பால் திடீரென்று குறைவது, இதெல்லாம் இருந்தால் "மாதவிடாயே வரலையே" என்று தள்ளிப்போட வேண்டாம். உண்டாகிவிட்டாலும் மூத்ததை உடனே பிரிக்க வேண்டும் என்பதில்லை. குறைப்பிரசவமோ கருச்சிதைவோ முன்பு நேர்ந்திருந்தால் மட்டும் கட்டாயம் கேட்டுவிடுங்கள். மகள் வயிற்றில் இருந்த ஐந்தாம் மாதம் வரை நான் மகனுக்குக் கொடுத்தேன், அப்புறம் ருசி மாறியதோ என்னவோ, அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மகளின் நோட்டில் கடைசியாக நேரம் எழுதியது ஆறு மாதம் முடிந்த அன்று. அந்த வாரமே சோதித்துப் பார்த்துவிட்டுக் காப்பர் டி வைத்துக்கொண்டேன். மாதவிடாய் வந்தது பதினோராவது மாதம்.