தேயிலைத் தொழிற்சாலைக்குள் போகிறீர்களா? தமிழில் காட்டச் சொல்லுங்கள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகும் குடும்பங்களின் பயணத் திட்டம் அநேகமாக ஒன்றுபோலத்தான் இருக்கும். நல்லூர், கீரிமலை, சொந்தக்காரர் வீடுகள், இரண்டு கலியாணம். அப்புறம் பிள்ளைகளுக்குக் குளிர் காட்டவென்று நுவரெலியாவில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளுக்குள் அரை மணித்தியாலம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. வான் நிற்கும், எல்லோரும் இறங்குவார்கள், ஒரு தேத்தண்ணி, ஒரு துண்டு கேக், நாலு படம், திரும்ப வான். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். அந்த அரை மணித்தியாலத்தை இன்னும் எவ்வளவோ நன்றாகப் பயன்படுத்தலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த முதல் தடவை, எங்களைச் சுற்றிக் காட்ட வந்த இளம்பெண் எங்கள் உடுப்பையும் பிள்ளைகளின் பேச்சையும் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் தொடங்கினார். 1867, இலங்கையில் முதன்முதலாக வணிகத்துக்குத் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், லூல்கந்துர தோட்டம், 19 ஏக்கர், பிறகு இயந்திரங்களின் பெயர்கள். எல்லாம் சரியான தகவல்தான். இடையில் என் மகள் என்னிடம் தமிழில் கேட்டாள்: “அப்பா, அந்தாள் தனியாவா இவ்வளவு மலையிலயும் நட்டவர்?” அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார். “நீங்க தமிழா? மொதல்லயே சொல்லியிருக்கலாமே!” என்றார். அதன் பிறகு நாங்கள் கேட்டது வேறொரு கதை. அவருடைய அம்மம்மா கொழுந்து பறித்தவர், அம்மா கொழுந்து பறிக்கிறவர், தான்தான் குடும்பத்தில் முதலாவதாகத் தொழிற்சாலைக்குள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறேன் என்றார். இயந்திரங்களுக்கும் அவரிடம் வேறு பெயர்கள் இருந்தன.

ஆகவே முதல் வேலை: உள்ளே நுழைந்தவுடனேயே “தங்கச்சி, தமிழில் சொல்லுவீங்களா?” என்று கேட்டுவிடுங்கள். மலையகத் தொழிற்சாலைகளில் சுற்றிக் காட்டுகிறவர்களில் தமிழர்கள் பலர். கேட்டால் சந்தோசமாகச் சொல்வார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் அவ்வளவு விளங்காவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுக்கலாம்.

எந்த நாளில் போவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான தோட்டங்களில் கொழுந்து பறிப்பதில்லை. பறித்த இலை ஓர் இரவு வாடிய பிறகுதான் இயந்திரத்துக்கு வரும் என்பதால், ஞாயிறு பறிக்காவிட்டால் திங்கள் காலையில் அரைக்க ஒன்றும் இருக்காது. போயா (பௌர்ணமி) தினத்திலும், தைப்பொங்கல், தீபாவளி நாட்களிலும் இதே நிலைதான். கட்டடம் திறந்திருக்கும், தேத்தண்ணியும் கிடைக்கும், ஆனால் சத்தமும் வாசனையும் இல்லாத ஒரு வெறும் மண்டபத்தைத்தான் பார்ப்பீர்கள். செவ்வாய் முதல் சனி வரை, காலை நேரம் நல்லது.

பருவமும் முக்கியம். நுவரெலியா, டிம்புள்ள பக்கத்துத் தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரை தரத்தில் உச்சத்தில் இருக்கும். ஊவாப் பக்கம் யூலை முதல் செப்டெம்பர் வரை. அந்த மாதங்களில் மலை தாண்டி வீசும் வறண்ட கச்சான் காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி மணத்தைக் கொடுக்கிறது. வெளிநாட்டில் பள்ளி விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் யூலை, ஓகஸ்டில் வருவதால் எங்களில் பலருக்கு ஊவாதான் பொருத்தம். நுவரெலியாவோடு திரும்பாமல் ஹப்புத்தளை, பண்டாரவளை வரை போய்வாருங்கள்.

எங்கே போவது? கண்டியிலிருந்து நுவரெலியா போகும் பாதையில் ரம்பொடையிலும் லபுக்கலையிலும் பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன. வசதியானவை, வான்கள் வழக்கமாக நிற்பவை. சனமும் கூட. நுவரெலியா நகருக்கு மிக அருகே பீட்ரு தோட்டம். எல்ல நகருக்கு மேலே ஹல்பேவத்தவில் விளக்கம் விரிவாக இருக்கும், தேயிலையைச் சுவைத்துப் பார்க்கவும் தருவார்கள். ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் நான் ஹப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதன்னத் தொழிற்சாலையைத்தான் சொல்வேன். தோமஸ் லிப்டன் 1890இல் தொடங்கிய இடம். அலங்காரம் இல்லை, வேலை செய்யும் தொழிற்சாலை அது. அங்கிருந்து ஏழு கிலோமீற்றர் அளவில் மேலே ஏறினால் லிப்டன் இருந்து பார்த்ததாகச் சொல்லும் முனை வரும். முகில் மூட முன், விடியலோடு போனால்தான் காட்சி. ஓட்டோவில் ஏறிவிட்டு நடந்து இறங்குங்கள். வழி நெடுக லயங்களும் (தொழிலாளரின் வரிசை வீடுகள்), கோயில்களும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும்.

கண்டிக்கு மேலே ஹந்தானையில் 1925ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்று தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது. பழைய இயந்திரங்களைப் பிள்ளைகளுக்குக் கிட்ட நின்று காட்ட நல்ல இடம். ஆனால் அது பெரும்பாலும் துரைமாரின் கதை. தொழிலாளரின் கதைக்கென்று கம்பளைக்கு அருகே ஒரு சிறிய தொழிலாளர் அருங்காட்சியகம், பழைய லயக் காம்பராக்களிலேயே அமைத்தது, இருக்கிறது. அவர்கள் பாவித்த பாத்திரங்கள், கருவிகள், பத்திரங்கள், தப்பு என்ற பறை எல்லாம் அங்கே. சுற்றுலா வான்கள் அங்கே தாமாக நிற்காது. சாரதியிடம் முதல் நாளே சொல்லி, திறந்திருக்கிறதா என்று அழைத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்தால்தான் படம் முழுமையாகும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 பாதையில் கீழிறங்குகிறவர்கள் மாத்தளையில் கட்டாயம் நிற்க வேண்டும். பாதையோரத்திலேயே முத்துமாரியம்மன் கோயில். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே நடந்து வந்து சேர்ந்த ஊர் மாத்தளை. வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் ஏராளம். 2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியை மக்கள் மீண்டும் நடந்தார்கள். நீங்கள் குளிரூட்டிய வானில் நாலைந்து மணித்தியாலத்தில் கடக்கும் தூரம் எவ்வளவு என்பதைப் பிள்ளைகளுக்கு அந்தக் கோயில் வாசலில் வைத்துச் சொல்லுங்கள்.

ரயிலில் போகிறவர்களுக்கு நுவரெலியாவுக்கு இறங்குமிடம் நானுஓயா. ஒரு எச்சரிக்கை: 2025 நவம்பர் டித்வா புயலில் மலைநாட்டுப் பாதைகளும் ரயில் பாதையும் பலமாகச் சேதமடைந்தன. எந்தப் பகுதி ஓடுகிறது என்று பயணத்துக்கு முதல் வாரம் விசாரித்துக்கொள்ளுங்கள். ரம்பொடை வளைவுகளில் வாந்தி வரும் பிள்ளைகளுக்கு இஞ்சியும் ஒரு பையும் கையில் இருக்கட்டும்.

இனி உள்ளே. முதலில் கூட்டிப் போவது மேல் மாடிக்கு, அங்கேதான் வாட்டல். நீண்ட தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி அடியிலிருந்து காற்று ஊதுவார்கள். பன்னிரண்டு முதல் பதினெட்டு மணித்தியாலத்தில் இலையின் எடை ஏறத்தாழ பாதியாகிவிடும். கையில் எடுத்துப் பார்க்கக் கேளுங்கள். பச்சை இலை மடித்தால் முறியும், வாடியது துணி போல மடியும். பிறகு அது கீழே உருட்டும் இயந்திரத்துக்குள் விழும். இலையைக் கசக்கிச் சாறு வெளியே வரச் செய்வதுதான் அதன் வேலை. சாறு காற்றில் பட்டவுடன் பச்சை மெல்லமெல்லச் செம்பு நிறமாகிறது. நொதித்தல் என்று இதைச் சொல்வார்கள். உண்மையில் ஈஸ்ட்டுக்கோ கள்ளுக்கோ நடப்பது போன்ற நொதித்தல் அல்ல இது. வெட்டிய அப்பிள் கறுப்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்று, காற்றிலுள்ள ஒட்சிசன். இதை எந்த நிமிடத்தில் நிறுத்துவது என்பதுதான் முழுத் தொழிற்சாலையின் கைப்பக்குவம். அன்றைய ஈரத்தையும் குளிரையும் பொறுத்து அது மாறும். அந்த இடத்தில் நின்று ஒரு தடவை மூச்சை இழுத்துப் பாருங்கள். பழம் கனிந்த மாதிரி ஒரு வாசனை, வேறெங்கும் கிடைக்காது.

அடுத்தது உலர்த்தல். 90 பாகைக்கு மேற்பட்ட சூடான காற்றில் இருபது நிமிடம் அளவில் ஓடி, 3 சதவீத அளவு ஈரத்தோடு கறுப்பாக வெளியே வரும். கிரீன் டீக்குச் செடி வேறா என்று நிறையப் பேர் கேட்பார்கள். செடி ஒன்றுதான். பச்சை நிறம் மாற விடாமல் தொடக்கத்திலேயே சூடு காட்டிவிடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கடைசியில் அரிதட்டுகள் ஆடி அளவுவாரியாகப் பிரிக்கும்: ஓபி, பிஓபி, பிஓபிஎஃப், டஸ்ட்.

நாலரைக் கிலோக் கொழுந்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோத் தேயிலை. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு வெளியே மலையைப் பாருங்கள். ஒரு பெண் நாள் முழுக்கப் பறிக்க வேண்டியது பல தோட்டங்களில் 18 முதல் 20 கிலோ. அதாவது நாலு கிலோத் தேயிலை. அந்த அளவு வந்தால் முழுப்பேர், வராவிட்டால் அரைப்பேர். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். 2021இல்தான், வருடக்கணக்கான போராட்டத்துக்குப் பிறகு, நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. பெரட்டு, மடுவம், கங்காணி, கணக்கப்பிள்ளை, லயம் என்ற சொற்களையெல்லாம் உங்களைச் சுற்றிக் காட்டுகிறவரிடம் கேளுங்கள். காலையில் வேலை பிரிக்கக் கூடுவது பெரட்டு, கொழுந்து நிறுக்கும் கொட்டகை மடுவம். ஆங்கிலச் சுற்றில் இந்தச் சொற்கள் வரவே வராது.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு நான் மனம் திறந்து சொல்ல வேண்டியது ஒன்று. எங்கள் வீடுகளில் இந்த மக்களைக் குறிக்க ஒரு இழிசொல் புழங்கியது. பழைய ஆட்கள் வானுக்குள்ளேயே சொல்லக்கூடும். பிள்ளைகள் காதில் அது விழ வேண்டாம், மலையகத் தமிழர் என்று சொல்லிப் பழக்குங்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் இவர்கள் நாடற்றவர்களானார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. 1949இல் தமிழரசுக் கட்சி பிறந்ததற்கே இந்தக் குடியுரிமைப் பிரச்சினை ஒரு முக்கிய காரணம். எங்கள் வன்னியிலும் மலையகத்திலிருந்து கலவரங்களால் விரட்டப்பட்டு வந்து குடியேறியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

படம் எடுப்பதில் கவனம். உள்ளே பல இடங்களில் படத்துக்கு அனுமதி இல்லை, முதலே கேளுங்கள். மலையில் கொழுந்து பறிக்கிறவரைத் தூரத்திலிருந்து சூம் பண்ணி எடுக்காதீர்கள். “அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?” என்று கேட்டால் தலையாட்டுவார், அல்லது வேண்டாம் என்பார். நிறுவையில் கிலோ குறைந்தால் நட்டம் அவருக்குத்தான், ஆகவே நெடுநேரம் மறித்து வைத்திருக்க வேண்டாம். நின்று படத்துக்குக் கொடுத்தால் கையில் ஏதாவது கொடுப்பது நியாயம். லயத்துக்குள் யாராவது அழைக்காமல் எட்டிப் பார்ப்பது கூடவே கூடாது, அது அவர்களுடைய வீடு.

உடுப்பு: மூடிய சப்பாத்து, தொங்காத துணி. சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் செருகிக்கொள்ளுங்கள், உருட்டும் இயந்திரங்கள் திறந்தே சுழலும். மரப்படிகள் செங்குத்தானவை, முழங்கால் வலியுள்ள பெரியவர்களைக் கீழேயே இருத்தலாம். அரிக்கும் பகுதியில் தூசி கடுமையாக இருக்கும், இழுப்பு உள்ளவர்கள் இன்ஹேலரை வானில் விட்டுவிட்டுப் போக வேண்டாம். கட்டணத்துக்கும் கடைக்கும் ரூபாவாகக் காசு வைத்திருங்கள்.

தேயிலை வாங்கும்போது எழுத்துகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பிஓபி, பிஓபிஎஃப் எல்லாம் இலைத்துண்டின் அளவு, தரவரிசை அல்ல. எங்கள் பால் தேத்தண்ணிக்குப் பிஓபிஎஃப் அல்லது டஸ்ட் தான் சரி, சாயம் இறங்கும். வெறும் தேத்தண்ணி குடிக்கிறவர்கள் பிஓபியோ ஓபியோ எடுங்கள், அதிலும் நுவரெலியாத் தேயிலை என்றால் பால் விடாமல் குடித்துப் பாருங்கள். பொதிசெய்த திகதி கிட்டியதாக இருக்கட்டும். வெளிநாட்டுக்குத் திரும்பிக் கடையில் வாங்குவதென்றால் சிங்க முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதிசெய்தது என்பதற்கான அடையாளம் அது.

கடைசியாகப் பெட்டி அடுக்கும் கதை. தேயிலை பக்கத்திலிருக்கும் எந்த மணத்தையும் உறிஞ்சிவிடும். அம்மா கட்டிக் கொடுக்கும் மிளகாய்த்தூளும் கருவாடும் ஒரு பெட்டியில் போகட்டும், தேயிலை வேறு பெட்டியில், ஒரு தகர டின்னுக்குள். நான் முதல் தடவை வாங்கிய இரண்டு கிலோவையும் ஒடியல் மாவுக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன். அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டுத் தேத்தண்ணியில் ஊர்ச் சரக்குத்தூள் வாசம் அடித்தது.