'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று காட்டுகிறதா? கீ வாங்கும் முன் லேப்டாப்புக்குள் பாருங்கள்

தங்கையின் லேப்டாப்பில் வலது கீழ் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்ற மங்கலான எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது. வால்பேப்பரை மாற்ற முடியவில்லை, மற்றதெல்லாம் ஓடியது. "கடையில கீ போட ஆயிரத்து ஐந்நூறு கேக்கறாங்க, போட்டுடட்டுமாண்ணா?" என்று போனில் கேட்டாள். (கீ என்பது விண்டோஸை ஆக்டிவேட் செய்ய அடிக்கும் 25 எழுத்துக் குறியீடு.) லேப்டாப் வாங்கும்போதே விண்டோஸுக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தோம், எதற்கு இன்னொரு முறை என்று கொண்டுவரச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. உங்களுக்கு அரை நாளுக்குள் முடியட்டும் என்று எழுதுகிறேன்.

பேக்கப் எடுப்பது, பென்டிரைவில் பூட் செய்வது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. என்ன லைசென்ஸ் ஓடுகிறது?

விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளை ஒட்டி அடித்து, ஒரு ஸ்பேஸ் விட்டு, ஒரு ஸ்லாஷ் (கேள்விக்குறி இருக்கும் அதே பட்டன்), அதை ஒட்டி டி, எல், ஐ. என்டர். சில விநாடி கழித்து ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். அதில் 'டிஸ்கிரிப்ஷன்' என்ற வரியின் கடைசியைப் பாருங்கள்.

'ஓஇஎம்_டிஎம்' என்றால் லேப்டாப்போடு வந்த லைசென்ஸ். 'ரீடெயில்' என்றால் பெரும்பாலும் தனியாக வாங்கியது. 'வால்யூம்_கேஎம்எஸ்கிளையன்ட்' என்றால் அது நிறுவனங்களுக்கானது. ஆபீஸில் கொடுத்த லேப்டாப் என்றால் சரி, உங்கள் ஐடி ஆட்களிடம் போங்கள். சொந்தக் காசில் வாங்கிய லேப்டாப்பில் இது இருந்தால், யாரோ கிராக் (காசு கொடுக்காமல் ஆக்டிவேட் ஆனதுபோல் காட்டும் திருட்டு மென்பொருள்) போட்டிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

தங்கையுடையதில் இருந்தது மூன்றாவது. பிப்ரவரியில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட ஒரு கடையில் கொடுத்திருக்கிறாள். அங்கே புதிதாக விண்டோஸ் போட்டவர் கையிலிருந்த பென்டிரைவில் இருந்த 'ப்ரோ' எடிஷனை (விண்டோஸில் ஹோம், ப்ரோ என்று வகைகள் உண்டு) போட்டு, கிராக்கும் ஏற்றிவிட்டார். கேஎம்எஸ் என்ற இந்த நிறுவன வகை ஆக்டிவேஷன் ஒரு தடவைக்கு 180 நாள்தான் தாங்கும். கம்பெனிகளில் ஒவ்வொரு கணினியும் 7 நாளுக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் சர்வரைக் கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். கிராக் செய்வது, அந்த சர்வர் மாதிரி லேப்டாப்புக்குள்ளேயே நடிப்பது. நடுவில் ஒரு நாள் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அதைப் பிடித்து அழித்துவிட்டது (அதன் வரலாற்றுப் பக்கத்தில் 'ஹேக்டூல்' என்று பெயர் கிடந்தது). அன்றிலிருந்து புதுப்பிப்பு நின்று, நாள் எண்ணி, மூலையில் எழுத்து வந்துவிட்டது.

2. உங்கள் கீ எங்கே?

2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கும் லேப்டாப்களில் கீயை மதர்போர்டில் இருக்கும் பயாஸ் சிப்புக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். டிஸ்க்கை மாற்றினாலும், எத்தனை தடவை ஃபார்மட் செய்தாலும் அது அங்கேயே இருக்கும்.

அதைப் படிக்கப் பவர்ஷெல் கட்டளை ஒன்று உண்டு. எனக்கு 'ஷோகீபிளஸ்' என்ற ஆப்தான் வசதி. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. 'கீ ஃபைண்டர்' என்று தேடினால் வரும் கண்ட கண்ட தளங்களில் எதையும் இறக்க வேண்டாம். ஷோகீபிளஸில் 'ஓஇஎம் கீ' என்ற இடத்தில் 25 எழுத்துகள் வந்தால் உங்கள் சொத்து பத்திரமாக இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் எடிஷனும் இருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் குறிக்கவில்லை.

3. நான் வழுக்கி விழுந்த இடம்

கீ கிடைத்த குஷியில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போய் (விண்டோஸ் 10இல் இது 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி'க்குள் இருக்கும்) 'சேஞ்ச் ப்ராடக்ட் கீ'யில் அடித்தேன். செல்லாது என்றது. பி எழுத்தை 8 என்று படித்துவிட்டேனோ என்று மறுபடி அடித்தேன். காப்பி செய்து ஒட்டினேன். நெட்டை மாற்றினேன். தேதி, நேரம் தப்பாக இருந்தாலும் ஆக்டிவேஷன் மக்கர் செய்யும், அதையும் பார்த்தேன். மதியச் சாப்பாடு ஆறிப்போனதுதான் மிச்சம்.

கீயில் கோளாறே இல்லை. பயாஸில் இருந்தது 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்', இந்தியாவில் விற்கும் லேப்டாப்களில் சாதாரணமாக வருவது அதுதான். கடைக்காரர் போட்டது 'ப்ரோ'. ஹோமிலிருந்து ப்ரோவுக்கு கீ போட்டு ஏறலாம், ப்ரோவிலிருந்து ஹோமுக்கு அப்படி இறங்க முடியாது. திரும்ப இன்ஸ்டால் செய்துதான் ஆகவேண்டும். ரெஜிஸ்ட்ரியில் எடிஷன் பெயரைத் திருத்தி ஏமாற்றும் வழி ஒன்று உலவுகிறது. அந்த வேலைக்கு நான் போகவில்லை, ஒரு கிராக்கைக் கழற்றவே ஒரு நாள் போய்விட்டது.

4. சரியான எடிஷனைப் போடுவது

மைக்ரோசாஃப்ட் தளத்தில் 'மீடியா கிரியேஷன் டூல்' இறக்கி, குறைந்தது 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள். கடைக்காரரின் பென்டிரைவையே திரும்பக் கேட்டு வாங்காதீர்கள், அதில் ப்ரோ மட்டுமே இருக்கும்படி செய்து வைத்திருக்கலாம். மைக்ரோசாஃப்டின் சொந்த செட்டப் பயாஸ் கீயைத் தானே படித்து அதற்கேற்ற எடிஷனை எடுத்துக்கொள்ளும். எந்த எடிஷன் என்று கேட்டால், குறித்து வைத்ததைத் தேர்ந்தெடுங்கள்.

சி டிரைவை மட்டும் அழித்து டி டிரைவை அப்படியே விடப் போகிறீர்கள் என்றால், டிஸ்க் என்கிரிப்ஷன் (டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் வசதி) போட்டிருக்கிறதா என்று முன்பே பாருங்கள். போட்டிருந்தால் 48 இலக்க ரெகவரி கீ கையில் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

இன்ஸ்டால் முடிந்து நெட் கிடைத்த சிறிது நேரத்தில் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிட்டது. முதல் படியைத் திரும்பச் செய்தேன், 'ஓஇஎம்_டிஎம்' என்று வந்தது.

பிறகு சேர்த்தவை

செட்டப் நடுவில் வைஃபையே காட்டவில்லை, நகரவே மாட்டேன் என்கிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். வைஃபை டிரைவர் இல்லாததுதான் காரணம். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள், போனின் நெட் லேப்டாப்புக்கு வரும். டிரைவரை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

பழைய விண்டோஸ் 8 லேப்டாப்பில் விண்டோஸ் 10 போட்டு அந்த கீயில் ஆக்டிவேட் செய்யலாமா என்று ஒருவர் கேட்டார். முன்பு முடிந்தது. 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்த வழியை மூடிவிட்டது. அதற்கு முன்பே அந்த லேப்டாப்பில் விண்டோஸ் 10 ஆக்டிவேட் ஆகியிருந்தால் கவலையில்லை, அந்த டிஜிட்டல் லைசென்ஸ் (அந்த லேப்டாப்பின் பெயரில் மைக்ரோசாஃப்டிடம் பதிவாகியிருப்பது) செல்லும்.

மதர்போர்டையே மாற்றியவர்களுக்கு மேலே சொன்னது உதவாது. பழைய போர்டோடு கீயும் போய்விட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு லைசென்ஸை முன்பே இணைத்திருந்தால் ஆக்டிவேஷன் பக்கத்தில் 'ட்ரபிள்ஷூட்' போய், சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன் என்ற வரியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். லேப்டாப் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் போர்டு மாற்றியிருந்தால், புது போர்டில் கீயை எழுதினார்களா என்று பில்லோடு போய்க் கேளுங்கள்.