சோடியம் கடத்துகிறது, வைரம் கடத்துவதில்லை: ஆற்றல் பட்டையை எண்ணிப் பார்ப்பது எப்படி?

எலக்ட்ரான் நிறைய இருந்தால் கடத்தும், இல்லாவிட்டால் கடத்தாது என்று நினைத்துக்கொண்டு இந்தப் பாடத்துக்குள் போனால் வைரத்தில் மாட்டிக்கொள்வோம். கார்பன் அணுவுக்கு வெளி எலக்ட்ரான் 4, சோடியத்துக்கு ஒன்றே ஒன்று. ஆனால் கடத்துவது சோடியம்தான். ஆர்பிட்டால், பவுலி விதி இரண்டும் தெரியும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: இடங்களை எண்ணுங்கள். 1000 சோடியம் அணுக்கள் சேர்ந்தால், ஒவ்வொன்றின் 3எஸ் மட்டமும் கொஞ்சம் மேலும் கீழுமாக விலகி, 1000 நெருக்கமான மட்டங்கள் ஆகின்றன. அதுதான் பட்டை. மட்டத்துக்கு 2 எலக்ட்ரான் வீதம் 2000 இடம்.

படி 2: நிரப்புங்கள். இருப்பது 1000 எலக்ட்ரான்தான். பாதிப் பட்டை காலி. பேட்டரியை இணைத்ததும் மேல்வரிசை எலக்ட்ரான்கள் பக்கத்துக் காலி மட்டத்துக்கு நகர்ந்துவிடும். மின்னோட்டம் ஓடுகிறது.

படி 3: நிறைந்த பட்டை. பலரும் தடுக்கி விழும் இடம் இது. நிறைந்த பட்டையில் எலக்ட்ரான்கள் அசையாமல் உறைந்து கிடக்கின்றன என்று நினைக்க வேண்டாம். எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் வலப்பக்கம் ஓடும் ஒவ்வொன்றுக்கும் அதே வேகத்தில் இடப்பக்கம் ஓடும் ஜோடி ஒன்று உண்டு. இந்தக் கணக்கை மாற்ற, இடப்பக்கம் ஓடும் சிலதை வலப்பக்க நிலைகளுக்கு மாற்ற வேண்டும். அங்கே காலியிடம் இல்லையே! கூட்டிப் பார்த்தால் எப்போதும் சுழியம். வைரத்தின் இணைதிறன் பட்டை (வெளி எலக்ட்ரான்கள் இருக்கும் பட்டை) இப்படித்தான் முழுக்க நிறைந்திருக்கிறது.

உடனே ஒரு சந்தேகம் வர வேண்டும். மெக்னீசியத்துக்கு 3எஸ்-இல் 2 எலக்ட்ரான், பட்டை நிறைந்துவிடும், அப்படியானால் அது காப்பானா? இல்லை. அதன் 3பி பட்டை கீழே இறங்கி 3எஸ் பட்டையோடு மேற்பொருந்துகிறது. எலக்ட்ரான்கள் இரண்டிலும் பரவுவதால் எதுவுமே முழுக்க நிறைவதில்லை.

படி 4: இடைவெளியைக் கணக்கிடுங்கள். நிறைந்த பட்டைக்கும் மேலே இருக்கும் காலிக் கடத்துப் பட்டைக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஜெர்மானியத்தில் சுமார் 0.67, சிலிக்கானில் 1.12, வைரத்தில் 5.5 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பத்தில் கிடைக்கும் வெப்ப ஆற்றல் வெறும் 0.026. இடைவெளியை இதன் இரு மடங்கால் வகுத்து, அந்த எண்ணை எதிர்க்குறியோடு அடுக்குக்குறிச் சார்பில் (e-இன் அடுக்காக) போடுங்கள். அந்த 2-ஐ விட்டுவிடாதீர்கள், விடை கோடி மடங்குக்கு மேல் தப்பும். சிலிக்கானுக்கு அடுக்கு 21 சொச்சம், வைரத்துக்கு 106. தூய சிலிக்கானில் ஏறத்தாழ 5 லட்சம் கோடி அணுவுக்கு ஒரு எலக்ட்ரான்தான் மேலே போகிறது. வைரத்தில் ஒன்றுமே இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

படி 5: மீட்டரில் பாருங்கள். இதற்காக, சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டர் வாங்காதீர்கள். வழக்கமாகக் கிடைப்பவை உலோக ஆக்சைடு கலவைகள், அவற்றில் கடத்தல் நடக்கும் விதமே வேறு. ஒளிக்கு ஏற்ப மின்தடை மாறும் எல்.டி.ஆர். வாங்குங்கள், விலையும் குறைவு. அதில் இருப்பது காட்மியம் சல்ஃபைடு, இடைவெளி சுமார் 2.4 எலக்ட்ரான் வோல்ட். கையால் மூடினால் மின்தடை எகிறும், டார்ச் அடித்தால் சில நூறு ஓமுக்கு இறங்கிவிடும். ஒளிதான் எலக்ட்ரானை மேல் பட்டைக்கு ஏற்றுகிறது.

உலோகத்துக்கு, ஹோல்டரிலிருந்து கழற்றிய பழைய 60 வாட் குண்டு பல்பை அளந்து பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது 60, 70 ஓம்தான் காட்டும். 230 வோல்ட்டில் எரியும்போது கணக்குப்படி அது 880 ஓம். சூட்டில் புதிதாக எலக்ட்ரான் சேர்வதில்லை, அணுக்களின் அதிர்வில் மோதிச் சிதறுவதுதான் கூடுகிறது.

பின்சேர்க்கை: எல்.டி.ஆரைக் கையால் மூடிய பிறகும் எண் ஏறிக்கொண்டே போகிறது, மீட்டர் கெட்டுவிட்டதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. மேலே போன எலக்ட்ரான்கள் கீழே திரும்பச் சில விநாடி பிடிக்கும். தானாக ரேஞ்சு மாறும் மீட்டர் இதில் தடுமாறும். குமிழ் திருகும் மீட்டரை 2 மெகா ஓமில் வையுங்கள், அதையும் தாண்டினால் 20-க்கு மாற்றுங்கள்.