ஹாஸ்கெல்: "வஞ்சிரம்" எந்த டைப்?

காசிமேட்டில் ஏலம் எடுக்கும் மாமாவுக்கு மீன் விலையை ஜேசனாக (JSON என்ற தரவு வடிவம்) தரும் ஒரு குட்டி புரோகிராமை ஹாஸ்கெல் என்ற கணினி மொழியில் எழுதினேன். பத்து வரிதான். ஆனால் அது கம்பைல் ஆவதற்குள் மாமா ஏலத்துக்கே கிளம்பிவிட்டார், ராத்திரி இரண்டு மணி! (புரோகிராம் வரிகளைத் தமிழெழுத்தில் தந்திருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலத்தில்தான்.)

முதலில் ஃபைலின் தலையில் ஓவர்லோடட்ஸ்ட்ரிங்ஸ் எக்ஸ்டென்ஷனைப் போடுங்கள். புராஜெக்டின் அமைப்புகள் இருக்கும் கேபல் ஃபைலில் மொத்த புராஜெக்டுக்கும் போடுகிறவர்கள் உண்டு, எனக்குப் பிடிக்காது. எந்த ஃபைலில் வம்பு என்று பார்த்ததும் தெரிய வேண்டும்.

இனி "வஞ்சிரம்" சாதா ஸ்ட்ரிங் அல்ல. கம்பைலர் அதன் முன்னால் ஃப்ரம்ஸ்ட்ரிங் சேர்த்துக்கொள்ளும். இஸ்ஸ்ட்ரிங் கிளாஸில் (ஸ்ட்ரிங்கிலிருந்து மாறத் தெரிந்த டைப்புகளின் குழு) இருக்கும் எந்த டைப்பாகவும் அது மாறும். வாங்குகிற ஃபங்ஷன் டெக்ஸ்ட் கேட்டால் டெக்ஸ்ட். வாங்குகிறவரும் "எதுவானாலும் சரி" என்றால் யார் முடிவு செய்வது? அங்கேதான் 'ஆம்பிகுவஸ் டைப் வேரியபிள்' எரர்.

நான் மாட்டிய வரி:

ஆப்ஜெக்ட் ["மீன்" .= "வஞ்சிரம்"]

எரர் .= குறியைக் காட்டியது. நான் இடப்பக்கம் "மீன்" என்பதற்கு டெக்ஸ்ட் என்று டைப் எழுதினேன். சிக்கல் தீரவில்லை, புதிதாக வேறொரு எரர்தான் வந்தது! ஜேசனுக்கான லைப்ரரியான ஏசன் 2.0 வந்ததிலிருந்து (2021) இடப்பக்கம் இருப்பது கீ என்ற தனி டைப். அது ஏற்கெனவே முடிவானது, தொடவே கூடாது. குழப்பம் வலப்பக்கம்: அது டுஜேசன் கிளாஸில் (ஜேசனாக மாறத் தெரிந்த டைப்புகள்) இருக்கும் எதையும் ஏற்கும், ஸ்ட்ரிங்குக்கும் உண்டு, டெக்ஸ்டுக்கும் உண்டு.

ஆப்ஜெக்ட் ["மீன்" .= ("வஞ்சிரம்" :: டெக்ஸ்ட்)]

அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். விட்டால் டைப் முழுக் கோவைக்கும் போய் ஒட்டிக்கொள்ளும்.

நாலைந்து இடத்தில் வந்தால் டெக்ஸ்ட் வாங்கி டெக்ஸ்டே திருப்பித் தரும் ஓரெழுத்துப் பெயருள்ள ஃபங்ஷன் ஒன்று வைத்துக்கொள்வேன். கண்ணுக்கு உறுத்தாது. வடிவமைத்து அச்சிடும் பிரிண்ட்எஃப்-இலும் இதே கதைதான்: முதல் ஃபார்மட் ஸ்ட்ரிங் பிரச்சினை இல்லை, அடுத்து நேரடியாகக் கொடுக்கும் மேற்கோள்தான் மாட்டும்.

பின்சேர்க்கை: "பைட்ஸ்ட்ரிங் என்று போட்டேன், கம்பைல் ஆச்சு, ஆனால் தமிழ் கண்டபடி வருது" என்று கமெண்டில் ஒருவர் கேட்டிருந்தார். எரரே வராமல் கெடுக்கும் ரகம் இது. பைட்ஸ்ட்ரிங் வெறும் பைட்டுகளின் வரிசை; அதன் ஃப்ரம்ஸ்ட்ரிங் ஒவ்வொரு கேரக்டரிலும் கடைசி 8 பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடும். "வஞ்சிரம்" புள்ளி, இகரக் குறி எல்லாம் சேர்த்து 8 கோட்பாயிண்ட் (யூனிகோட் எண்), அவற்றை பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் 24 பைட். நேரடியாக எழுதினால் மிஞ்சுவது 8 பைட் குப்பை. டெக்ஸ்டாக எழுதி, என்கோட்யுடிஎஃப்8 வழியாக அனுப்புங்கள், 24 பைட்டும் முழுசாக வரும்.