விலை குறைந்த மழைக்கோட்டு: உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குவது எப்படி?

வேலைக்குப் போக ஒன்று, மலையேற ஒன்று என்று இரண்டு மழைக்கோட்டு தேவையில்லை. பார்த்து வாங்கினால் ஒன்றே இரண்டுக்கும் போதும். கோட்டில் தொங்கும் சீட்டில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று மட்டும் இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். அது தூறலோடு சரி. 'வாட்டர்ப்ரூஃப்' என்று இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1. எண்ணைப் பாருங்கள், மயங்க வேண்டாம்

சீட்டில் மி.மீ. கணக்கில் ஓர் எண் இருக்கும். 10,000 மி.மீ. என்றால், பத்து மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று பொருள். வானிலிருந்து விழும் மழை அவ்வளவு அழுத்துவதில்லை. முதுகுப்பையின் பட்டை பதியும் தோளிலும், ஈரத்தில் உட்காரும் இடத்திலும்தான் அழுத்தம் கூடுகிறது. பஸ் நிறுத்தம் வரை நடப்பவருக்கு 5,000 போதும். பை சுமந்து நாள் முழுக்க வெளியில் இருப்பவர் 10,000 பார்க்கலாம். குறைந்த பணத்தில் வாங்கும்போது 20,000 மி.மீ. கோட்டைத் துரத்துவது வீண் செலவு என்பேன்.

2. உள்பக்கத்தைத் திருப்புங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இதுதான். துணி எத்தனை உசத்தியானாலும், ஊசி நுழைந்த இடமெல்லாம் ஓட்டை. அதை அடைக்கத் தையலின் மேல் உள்பக்கமாக ஒரு டேப் ஒட்டியிருப்பார்கள். விரல்நுனியால் தடவினால் வழவழப்பான பட்டையாகத் தெரியும். பல மலிவுக் கோட்டுகளில் தோளிலும் தொப்பியிலும் மட்டும் டேப் இருக்கும். அக்குள், பை, ஜிப் ஓரம் எல்லாம் வெறும் நூலாக இருக்கும். கோட்டின் கையை உள்பக்கம் வெளியே வரும்படி இழுத்து மணிக்கட்டு வரை தடவிப் பாருங்கள். உள்ளே வலைத்துணி தைத்திருந்தால் டேப் தெரியாது. அப்போது 'எல்லாத் தையலும் டேப் ஒட்டியது' என்று சீட்டில் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். முழு டேப் உள்ள 5,000 மி.மீ. கோட்டா, அரைகுறை டேப் உள்ள 15,000 மி.மீ. கோட்டா என்று கேட்டால், யோசிக்காமல் முதலாவதை எடுப்பேன்.

3. வியர்வைக்கு வழி

ஆவியை வெளியேற்றும் துணி என்று விளம்பரம் சொல்லும். வேகமாக ஏறுபவரின் வியர்வைக்கு எந்தத் துணியும் முழுதாக ஈடுகொடுக்காது. அக்குளில் திறக்கும் ஜிப் உள்ள கோட்டு கிடைத்தால் விடாதீர்கள். நின்ற இடத்தில் வேலை பார்ப்பவர் என்றால், விலை குறைந்த பி.வி.சி. (பிளாஸ்டிக்) கோட்டே போதும். கனம்தான், ஆனால் தண்ணீர் துணிக்குள் இறங்காது.

4. போட்டுப் பாருங்கள்

குளிருக்குப் போடும் ஸ்வெட்டரின் மேல் போட்டுப் பாருங்கள். இரண்டு கையையும் தூக்கினால் இடுப்பு தெரியக்கூடாது. தொப்பியை இறுக்கிவிட்டுத் தலையைப் பக்கவாட்டில் திருப்புங்கள். தொப்பி கூடவே திரும்பாமல் கன்னத்தையும் கண்ணையும் மறைத்தால், சாலையைக் கடக்கும்போது வரும் வண்டி தெரியாது.

5. ஷவரில் சோதனை

சீட்டைக் கிழிக்கும் முன், திருப்பித் தர ஈரம் தடையாகுமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு சாம்பல் நிறப் பருத்திச் சட்டையின் மேல் கோட்டைப் போட்டு, ஷவரின் கீழ் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். அந்த நிறத்தில் ஒரு சொட்டு பட்டாலும் கறுத்துக் காட்டும். ஈரம் கழுத்திலோ தையல் கோட்டிலோ கோடாகத் தொடங்கினால் கசிவு. நடந்து வந்த பிறகு முதுகு முழுக்கப் பரவலாக ஈரமிருந்தால் பெரும்பாலும் உங்கள் வியர்வைதான். கோட்டைத் திட்டிப் பயனில்லை.

பிற்சேர்க்கை

'முன்பு முத்து முத்தாக உருண்டோடிய தண்ணீர் இப்போது துணியில் ஊறுகிறது, கோட்டு போய்விட்டதா?' என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. போனது மேல்பூச்சு, உள்ளிருக்கும் நீர்த்தடுப்புப் படலம் அப்படியே இருக்கும். ஆனால் ஊறிய துணி ஆவியை வெளியே விடாது. முதலில் துவையுங்கள், துணியை மென்மையாக்கும் திரவம் மட்டும் வேண்டாம். சீட்டு அனுமதித்தால் உலர்த்தியில் மிதமான சூட்டில் காட்டுங்கள். அதிலும் தேறாவிட்டால் நீர்விலக்கி ஸ்பிரே அடிக்கலாம்.

பழைய கோட்டு வாங்குபவர்கள் உள்பூச்சைக் கிள்ளிப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ செதிலாக உதிர்ந்தாலோ பூச்சு சிதைந்துவிட்டது. அதற்கு ஸ்பிரேயும் உதவாது.