நாயுடன் முதல் அஜிலிட்டி ட்ரையல்: பெயர் கொடுப்பதிலிருந்து ரிங் வரை

அஜிலிட்டி என்பது நீங்கள் கூடவே ஓடி வழிகாட்ட, நாய் வரிசையாகத் தடைகளைக் கடக்கும் போட்டி விளையாட்டு. ட்ரையல் என்றால் போட்டி, ரிங் என்றால் அது நடக்கும் மைதானம். உங்கள் நாய் பயிற்சி வகுப்பில் டனலுக்குள் (குழாய் போன்ற சுரங்கம்) ஓடுகிறது, தடை தாண்டுகிறது, வரிசையாக நட்ட ஆறு வீவ் கம்பங்களுக்கு இடையே ஒன்றையும் விடாமல் நெளிந்து முடிக்கிறது என்றால் இந்தப் பதிவு உங்களுக்கு. அந்த நிலைக்கு இன்னும் வராதவர்கள் முதலில் ஒரு நல்ல பயிற்சியாளரைப் பிடியுங்கள். அதை எழுத்தில் சொல்லித்தர என்னால் ஆகாது.

நான் இருப்பது அமெரிக்காவில். எங்கள் மணி, காப்பகத்திலிருந்து வந்த கலப்பினம். இங்கே ஏகேசி, யுஎஸ்டிஏஏ, சிபிஇ என்று பல அமைப்புகளின் கீழ் போட்டிகள் நடக்கின்றன, விதிகளும் வேறுவேறு. கீழே உள்ளதெல்லாம் ஏகேசி (அமெரிக்கன் கென்னல் கிளப்) கணக்கு.

1. பெயர் கொடுப்பது

நாய்க்கு 15 மாதம் நிறைந்திருக்க வேண்டும். ஏகேசி எண் வேண்டும். கலப்பின நாய்களுக்கு கேனைன் பார்ட்னர்ஸ் பிரிவில் தருகிறார்கள். போட்டி நடத்தும் கிளப் ‘பிரீமியம்’ என்று ஓர் அறிவிப்பு வெளியிடும். அதில் முதலில் பார்க்க வேண்டியது கடைசித் தேதி. போட்டி நடக்கும் வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் கதவு எப்போதோ மூடியிருக்கும்.

இதுவரை எந்த நாயுடனும் அஜிலிட்டி பட்டம் வாங்காதவர்களுக்கு நோவிஸ் ஏ என்ற தொடக்கநிலைப் பிரிவு. முதல் போட்டிக்கு ஜம்பர்ஸ் என்ற ஓட்டவகை ஒன்று மட்டும் போதும் என்பது என் கட்சி. அதில் தடைகள், டனல், வீவ் மட்டும்தான். ஏ-ஃப்ரேம் (கூரை போன்ற சரிவு), டாக் வாக் (உயரமான ஒற்றைப் பலகைப் பாலம்), மேசையெல்லாம் ஸ்டாண்டர்ட் என்ற இன்னொரு வகையில் வருபவை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் எல்லாவற்றிலும் பெயர் கொடுத்தால் ஞாயிறு மதியம் நாயும் துவண்டிருக்கும், நீங்களும் துவண்டிருப்பீர்கள்.

2. உயரம் அளப்பது

தோள் மேட்டில் நாயின் உயரம் 11 அங்குலத்துக்கு மேல், 14க்குள் என்றால் 12 அங்குலத் தடை, 18க்குள் என்றால் 16, 22க்குள் என்றால் 20. முதல்முறை வரும் நாயை அங்கேயே அளப்பார்கள். விக்கெட் எனப்படும் கருவி, கவிழ்த்த ‘ப’ போல இருக்கும். முன்பின் தெரியாத ஒருவர் குனிந்து அதை நாயின் தோள்மேல் இறக்குவார். பல நாய்கள் அப்போது பதுங்கும், இல்லாவிட்டால் உட்கார்ந்துவிடும். வீட்டிலேயே ஒரு பிளாஸ்டிக் குழாயை வளைத்துப் பழக்குங்கள். அளப்பது நண்பராக இருந்தால் இன்னும் நல்லது.

3. மூட்டை

கூண்டு, தண்ணீர், நிழலுக்குத் துணி, மடக்கு நாற்காலி. துணிக்கூண்டு தூக்க எளிது, ஆனால் பதற்றமான நாய் அதைக் கிழித்துவிடும். கம்பிக்கூண்டுக்குத்தான் என் ஓட்டு. கிளிப் வைத்த கயிறு வேண்டாம், கழுத்தில் மாட்டி உருவும் ஸ்லிப் லீஷ் வாங்குங்கள். கழுத்துப்பட்டையில் தொங்கும் தகடுகளுக்கு ரிங்கில் அனுமதியில்லை. கடை பிஸ்கட்டைவிட வேகவைத்த கோழிக்கறி பல மடங்கு மேல். ஆனால் தீனி எதுவும் ரிங்குக்குள் போகக்கூடாது, சட்டைப்பையில் மறந்து கிடக்கும் துண்டும்தான்.

4. கோர்ஸ் வாக்

எனக்கு அதிகம் தண்ணி காட்டியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓடுவதற்கு முன் நாய் இல்லாமல் மைதானத்துக்குள் நடந்து பார்க்கச் சில நிமிடம் தருவார்கள். உங்களோடு இன்னும் பலர் கையை நீட்டிக்கொண்டு, தமக்குள் முணுமுணுத்துக்கொண்டு நடப்பார்கள். வெட்கப்படாமல் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.

முதல் சுற்றில், எந்த வரிசையில் ஓட வேண்டும் என்று தடைகளருகே வைத்திருக்கும் எண்களை மட்டும் பாருங்கள். இரண்டாவது சுற்றில் நாயின் கண்ணால் பார்க்க வேண்டும். டனல் வாய்க்குப் போய் நிஜமாகவே குந்தி உட்காருங்கள். நேர் எதிரே தெரியும் தடைதான் அடுத்த எண்ணா? பெரும்பாலும் இருக்காது, நடுவர் வேண்டுமென்றே அப்படித்தான் வைத்திருப்பார். அந்த இடத்தில் நாய் வெளியே வருவதற்கு முன்பே உங்கள் தோளும் பாதமும் சரியான திசைக்குத் திரும்பியிருக்க வேண்டும். நாய் உங்கள் பாதத்தைப் படித்து ஓடுகிறது, கத்தல் அதற்கு அப்புறம்தான்.

மூன்றாவது, பக்கம் மாறும் இடங்கள். நாய்க்கு முன்னால் போய் அதன் முகம் பார்த்துத் திரும்பி மாறுவது ஃப்ரன்ட் கிராஸ், அதை முன்னே விட்டுப் பின்னாலிருந்து மாறுவது ரியர் கிராஸ். நிதானமாக நடக்கும்போது எந்த இடத்திலும் ஃப்ரன்ட் கிராஸ் போட முடியும் என்றுதான் தோன்றும். ஓட்டத்தில் நாய் உங்களுக்கு முன்பே அங்கே நிற்கும். ஒவ்வோர் இடத்திலும் “நான் இங்கே வந்து சேர்வேனா?” என்று கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் ரியர் கிராஸ்.

வீவில் முதல் கம்பம் நாயின் இடது தோள்பக்கம் இருக்கும்படி நுழைய வேண்டும். முந்தைய தடையிலிருந்து எந்தக் கோணத்தில் வரும் என்று நடந்து பாருங்கள், அங்கே அவசரப்படுத்தாதீர்கள்.

கடைசிச் சுற்றை எண்களைப் பார்க்காமல், முழு வேகத்தில் ஓடுங்கள். வெளியே வந்து கண்ணை மூடி ஒப்பியுங்கள். ஒன்பதில் திக்கினால், நேரம் மிச்சமிருக்கும்போதே திரும்ப உள்ளே போங்கள்.

5. வாசலும் ஓட்டமும்

வாசலில் இருப்பவரிடம் வந்துவிட்டதைச் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு முன் மூன்று நான்கு நாய்கள் இருக்கும்போது அருகே வந்தால் போதும். சீக்கிரமே வந்து நெரிசலில் நின்றால் நாய் சூடேறிவிடும்.

உள்ளே போனதும் லீஷை உருவி, நாயை உட்காரவைத்து, நகருங்கள். கடிகாரம் நாய் முதல் தடையைத் தாண்டும்போதுதான் ஓடத் தொடங்கும், பதற வேண்டாம். ‘இரு’, ‘தாவு’, ‘ஏறு’ என்று நான் தமிழில்தான் சொல்கிறேன். பக்கத்து ரிங்கில் யாராவது ஆங்கிலத்தில் கத்தினாலும் மணி காதில் போட்டுக்கொள்வதில்லை. நாயையோ தடைகளையோ தொடக்கூடாது. நோவிஸில் 100க்கு 85 தேவை. சில தவறுகளுக்கு மதிப்பெண் குறையும், ஆனால் தடையின் கம்பு விழுந்தால் அந்த ஓட்டம் தகுதி பெறாது. விழுந்தாலும் நிற்காமல் ஓடி முடியுங்கள். கம்பு விழுந்தது நாய்க்குத் தெரியாது, உங்கள் முகம் விழுந்தது தெரியும். மூன்று முறை தகுதி பெற்றால் பட்டம்.

நேரம் இருந்தால் விழுந்த கம்புகளை எடுத்துவைக்கும் வேலைக்குப் பெயர் கொடுங்கள். மற்றவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று மைதானத்துக்குள்ளிருந்தே பார்க்கலாம், பெரும்பாலும் சாப்பாடும் கிடைக்கும்.

பின்சேர்க்கை: “வகுப்பில் பறக்கிறான், ட்ரையலில் தரையை மோந்துகொண்டே நிற்கிறான்” என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். பல நேரம் அது அடம் அல்ல, பதற்றம். நடுவரிடம் ‘எஃப்இஓ’ (ஃபார் எக்ஸிபிஷன் ஒன்லி, அதாவது போட்டிக்கணக்கில் சேராத ஓட்டம்) என்று சொல்லிவிட்டு ஓடினால், சத்தமெழுப்பாத பொம்மை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பயிற்சியாக ஓடலாம். தகுதி கிடைக்காது, ஆனால் அந்த இடம் நாய்க்குப் பழகும். சும்மா வேடிக்கை பார்க்க நாயைக் கூட்டிப்போகலாமா என்றால், பெயர் கொடுக்காத நாய்களைப் பல இடங்களில் உள்ளே விடுவதில்லை.

இன்னொரு பின்சேர்க்கை: பருவத்தில் இருக்கும் பெண் நாய் ஓட முடியாது. தெரிந்தவுடன் ட்ரையல் செக்ரட்டரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்பது கிளப்புக்குக் கிளப் மாறும், பிரீமியத்திலேயே எழுதியிருப்பார்கள்.